துக்க காலத்தில் ஜெபிப்பது எப்படி? மலையக வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மண்சரிவில் வீட்டாரைப் பறிகொடுத்தவர்கள், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன மகளைப் பெட்டியில் பார்த்த தாய்மார், கொழும்புக் கடையில் நின்ற பையனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர்கள், கணவனைக் கசிப்புச் சாராயத்துக்கு இழந்தவர்கள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வீட்டு ஜெபம் நடத்துகிறவர்கள் அதிகமாகச் சந்திப்பது இவர்களைத்தான். இவர்களிடம் "விசுவாசமா இருங்க" என்று சொல்லிவிட்டு எழும்பி வருவது சுலபம். எந்த நேரத்தில், எந்த வார்த்தையால், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஏழெட்டுப் பேர் படுக்கும் ஒரே காம்பராவில் எந்த மூலையில் இருந்து ஜெபிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துக்கத்தில் ஆண்டவரை நம்புகிறவர் முறைப்பாட்டை விழுங்கிக்கொள்ளத் தேவையில்லை. அதை அவரிடமே கொண்டுபோய்ப் போடுகிறவர்தான் நம்புகிறவர். கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்து வந்தவை.

முதல் படி: அடக்கம் முடியும்வரை ஜெபிக்க முயலாதீர்கள்

முதல் இரண்டு மூன்று நாள் ஜெபம் வராது. வாயைத் திறந்தால் அழுகை வரும், அல்லது ஒன்றுமே வராது. சாவு வீட்டில் பெட்டிக்குச் சொல்ல வேண்டும், சொந்தக்காரருக்குப் போன் எடுக்க வேண்டும், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். இதற்குள் "நான் ஜெபிக்கவில்லையே" என்று ஒரு குற்ற உணர்வை வேறு தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். அதற்குப் பதிலாகப் பிரசங்கம் வரவில்லை. தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டினான். சாப்பிட்டார், மறுபடி படுத்துக்கொண்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். இது முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த நாட்களில் ஒரு ரொட்டித் துண்டு, கொஞ்சம் தூக்கம், அவ்வளவு போதும்.

ஜெபத்தை அப்போது மற்றவர்கள் சுமக்கட்டும். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். படுத்துக் கிடந்தவன் ஒரு வார்த்தை கேட்டதாகக்கூட அங்கே இல்லை. பக்கத்துக் காம்பராச் சின்னம்மா உங்களுக்காக ஜெபித்தால் அது உங்கள் கணக்கிலும் சேரும்.

இரண்டாம் படி: ஒப்பாரியைத் தடுக்காதீர்கள், அதைத் திருப்பிவிடுங்கள்

தோட்டங்களில் சாவு வீடென்றால் வாசலில் தப்பு மேளச் சத்தம், உள்ளே பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வைக்கும் ஒப்பாரி. கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் இதை உடனே நிறுத்திவிடுகிறார்கள். "நம்பிக்கையில்லாதவங்க மாதிரி அழக்கூடாது" என்று ஒரு வசனமும் வரும். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதில், நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் இருக்கிறது. துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. லாசருவை இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். வேதாகமத்தில் ஒரு முழுப் புத்தகமே ஒப்பாரிதான். எருசலேம் அழிந்ததற்கு அழுத ஐந்து பாடல்கள் கொண்ட புலம்பல் அது. அதில் முதல் நான்கு பாடல்கள் எபிரெய அகரவரிசைப்படி அமைந்தவை. அழுகையை எழுத்தெண்ணிக் கட்டிப் பாடி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே பெண்கள் அழட்டும். செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒப்பாரியில் போனவரைக் கூப்பிட்டுக் கேட்பது வழக்கம்: "என்னைத் தனியா விட்டுட்டு எங்க போனீங்க?" அதே மூச்சில் ஆண்டவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். "சாமி, நீங்க எங்க இருந்தீங்க?" என்று ஒரு பாட்டி கேட்டால் அவளை அதட்டாதீர்கள். அந்த வீட்டில் அன்று நடக்கும் ஜெபங்களில் அதுதான் மிக நேர்மையானதாக இருக்கக்கூடும்.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழி வெட்டுவது, பெட்டி தூக்குவது, பந்தல் பிரிப்பது என்று அவர்களுக்குக் கடைசிவரை வேலை இருக்கும். வேலை முடிந்த அன்று மாலைதான் ஆபத்து. அழ இடமில்லாதவன் போத்தலைத் தேடுவான். அன்று மாலை ஒரு மச்சானோ அண்ணனோ அவனோடு ரோட்டு வரைக்கும் நடந்துவிட்டு வந்தால் போதும். பேச வேண்டியதில்லை. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவுக்கு அவன் நண்பர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றே ஒன்று: ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

மூன்றாம் படி: கூட்டம் கலைந்த பிறகு, முறைப்பாட்டு ஜெபத்தை உருவாக்குங்கள்

இந்த வழிகாட்டியின் நடு இதுதான். கொஞ்சம் நேரம் எடுத்துப் படியுங்கள்.

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறைப்பாடுகள். அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்தால் ஒரு போக்குத் தெரியும். முதலில் ஆண்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பிறகு நடந்ததைச் சொல்லி நியாயம் கேட்கிறார்கள். பிறகு தேவையைக் கேட்கிறார்கள். கடைசியில் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பழகுவதற்கு 13ஆம் சங்கீதம் நல்லது, ஆறே வசனங்கள்தான். கத்தோலிக்க வீடுகளில் திருப்பாடல்கள் பகுதியில் அதே எண்ணில் இருக்கும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது. முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி விடாமல் வருகிறது. மூன்றாம் நான்காம் வசனங்களில் என்னை நோக்கிப் பாரும், என் கண்களைத் தெளிவாக்கும் என்ற வேண்டுதல். ஐந்தாம் வசனத்தில்தான் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" வருகிறது. நம்பிக்கைக்கு வந்து சேரும் முன் தாவீது எவ்வளவு வழக்காடியிருக்கிறார் என்று கவனியுங்கள். நாங்களோ பல கூட்டங்களில் ஐந்தாம் வசனத்திலிருந்துதான் தொடங்குகிறோம்.

இனி உங்கள் ஜெபத்தை உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி போதும். எழுதத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளையின் போனில் குரலைப் பதிந்து வைக்கலாம். மகனை இழந்த ஒரு தாய் எழுதினால் எப்படியிருக்கும் என்று காட்ட ஒன்றை எழுதிப் பார்த்தேன்:

"ஆண்டவரே, என்னைப் படைச்சவரே, கேளும். கடையில நின்ன பிள்ளை. காய்ச்சல்னு போன்ல சொன்னான். ரெண்டு நாளில போயிட்டான். உசிரோட அவன் முகத்தை நான் பாக்கல. நீர் அவன் பக்கத்துல இருந்தீர்தானே, ஏன் ஒண்ணும் செய்யல? ஊர்ல எத்தனையோ பேரு இருக்க என் புள்ளதான் கிடைச்சானா? எனக்கு உம்ம மேல கோவம் இருக்கு. மறைக்க ஏலாது. ராத்திரி நித்திரை தாரும். அடகு வச்ச தோட்டை மீட்க வழி காட்டும். சின்னவ ஓ.எல். எழுதணும், அவ படிப்பு நிக்கக்கூடாது. அவன் செத்ததுக்கு நான்தான் காரணம்னு மனசு சொல்லுது, அந்தச் சத்தத்தை நிப்பாட்டும். எங்க அம்மா இந்த மலையிலேயே புள்ளைங்களை அடக்கம் பண்ணினவ. அவளை நீர் விடல. என்னையும் விடாதேயும். இன்னைக்கு இதுக்கு மேல என்னால சொல்ல ஏலாது. ஆமென்."

இதில் மூன்றைக் கவனியுங்கள். நடந்ததைப் பொதுவாகச் சொல்லாமல் காய்ச்சல், போன், இரண்டு நாள் என்று அப்படியே சொல்லியிருக்கிறாள். தோட்டை மீட்பதும் சின்னவளின் பரீட்சையும் ஜெபத்துக்குச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவில்லை. கடைசியில், வராத சந்தோஷத்தை வந்ததாக நடிக்கவில்லை. அம்மாவுக்கு நடந்த ஒன்றை, தான் கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அவ்வளவு இருந்தால் போதும்.

அந்தக் கடைசிப் பகுதி வரவே இல்லை என்றால்? விட்டுவிடுங்கள். 88ஆம் சங்கீதத்தில் அது கிடையாது. முழுவதும் இருட்டு, முடிவும் இருட்டு. அதையும் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு விஷயம்: அந்த இருட்டிலும் அதைப் பாடியவன் கர்த்தரைக் கூப்பிட்டுத்தான் பேசுகிறான், அவரைப் பற்றி வேறு யாரிடமோ பேசவில்லை. திசை மாறாத வரை அது ஜெபம்தான்.

வார்த்தையே வராத நாளுக்கு ரோமர் 8:26 இருக்கிறது. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுகிறார். பெருமூச்சு விடுங்கள். கத்தோலிக்க வீட்டில் ஜெபமாலை உருட்டுகிறவர்கள் அதையே செய்யுங்கள். சொந்த வார்த்தை செத்துப்போன நேரத்தில் கைக்கு அகப்பட்ட மணி பெரிய உதவி.

நான்காம் படி: "யார் செய்த பாவம்?" என்ற கேள்வியை வாசலிலேயே நிறுத்துங்கள்

துக்க வீட்டில் இது எப்படியும் வரும். கோயிலுக்குப் போகவில்லை, காணிக்கை நேர்ந்து கொடுக்கவில்லை, யாரோ செய்வினை செய்துவிட்டார்கள், தாத்தா செய்த பாவம். சில பிரசங்கிமாரும் இதற்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகளில் சிலர் பெற்றோரை இழந்து நின்றார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் மலையக மாவட்டங்களில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. அந்த லயங்களில் இருந்தவர்கள் மற்ற லயத்துக்காரரைவிடப் பாவிகளா?

இந்தக் கேள்வியை இயேசுவே கேட்டிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, அப்படியல்ல என்றார். லூக்கா 13ஆம் அதிகாரம். பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் கேட்டபோதும் அவனோ அவன் பெற்றோரோ செய்த பாவம் அல்ல என்றுதான் சொன்னார். யோபுவின் கதை முடிவில் கர்த்தருடைய கோபம் யார்மேல் வருகிறது? கத்திக் கேட்ட யோபுவின்மேல் அல்ல, அவனுக்குப் பாவக் கணக்குப் பார்த்த நண்பர்கள்மேல்.

மலை சரிவதற்குக் காரணம் இருக்கிறது. செங்குத்தான நிலம், நாட்கணக்கில் பெய்து மண்ணுக்குள் இறங்கி அதன் பிடியைத் தளர்த்தும் மழை, தூர்ந்துபோன வடிகான்கள், பாதுகாப்பில்லாத இடத்தில் கட்டிய லயங்கள். இவற்றில் மனிதர் பொறுப்பேற்க வேண்டியவை உண்டு. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதும் நியாயமே. செத்தவர்களின் பாவத்தைத் தேடினால் அந்தக் கேள்வி கேட்கப்படாமலேயே போய்விடும்.

ஐந்தாம் படி: இடமும் நேரமும்

தனி அறைக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டு என்கிறது வசனம். லயத்தில் எந்த அறை, எந்தக் கதவு? சிலர் விடியுமுன் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நடக்கும் வழியை. கொழுந்தெடுக்கும்போது கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதான் இருக்கிறது. "கர்த்தாவே, இன்றைக்கு மட்டும் தாங்கும்" போன்ற ஒரு சின்ன வரியை நிரை முடியும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டு போகலாம்.

சத்தமாக ஜெபித்தால்தான் ஜெபம் என்று எண்ண வேண்டாம். பிள்ளை வரம் கேட்டு ஜெபித்த அன்னாளின் உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்குமே என்று கூச்சப்படுகிறவர்களுக்கு அவள் துணை.

நேரத்தைச் சின்னதாக வையுங்கள். துக்கத்தில் ஒரு மணிநேர ஜெபம் என்று பொருத்தனை செய்துவிட்டு நாலாம் நாள் விட்டுவிடுவதைவிட, காலை ஒரு வரி, இரவு ஒரு வரி என்று தொடர்வது நல்லது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு துக்கம் கேட்கிறவர்களுக்கு அடக்கத்துக்கு வர முடியாது, சில வீடுகளில் அழவும் முடியாது. அவர்களோடு ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இரவு ஜெபம் நடக்கும்போது போனை நடுவில் வையுங்கள். அந்தப் பக்கம் இருப்பவர் பேச வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஆறாம் படி: கேட்டது கிடைக்காதபோது

நோயாளி உயிரோடிருக்கும்வரை சுகத்தைக் கேளுங்கள். தயங்க வேண்டாம். தாவீது தன் பிள்ளைக்காக ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசித்தார். ஏழாம் நாள் பிள்ளை செத்தது. எழுந்து குளித்து, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்து, பிறகு சாப்பிட்டார். முன்பு ஜெபித்ததும் விசுவாசம்தான், பிறகு சாப்பிட்டதும் விசுவாசம்தான். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுக்கும்படி மூன்று தரம் கேட்டார். "என் கிருபை உனக்குப் போதும்" என்றுதான் பதில் வந்தது, முள் போகவில்லை. கெத்செமனேயில் இயேசுவும் அந்தப் பாத்திரம் நீங்கும்படி மூன்று தரம் கேட்டார்.

இவர்களில் யாருக்கும் விசுவாசம் போதவில்லை என்று சொல்ல எவருக்காவது தைரியம் உண்டா? ஆனால் எங்கள் அக்காமாரிடம் மட்டும் அதைச் சொல்லிவிடுகிறார்கள். "நீ சந்தேகப்பட்டாய், அதனால்தான் புருஷன் பிழைக்கவில்லை" என்று சொல்கிறவரை வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம். காணிக்கை போட்டால் சுகம் வரும் என்று நாட்சம்பளத்தில் கை வைக்கிறவரையும்தான்.

இழப்புக்குப் பிறகு கேட்பது மாற வேண்டும். முன்பு "காப்பாற்றும்" என்று கேட்டோம். இப்போது நித்திரை, பிள்ளைகளின் படிப்பு, கடன், தனியாக ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு துணை. கொப்பியில் கேட்டதை எழுதி, கிடைத்ததற்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். கிடைக்காததற்கு நேரே வெற்றிடம் விடுங்கள், பொய்யாக எதையும் எழுதி நிரப்ப வேண்டாம்.

மண்ணுக்குள் போய் உடலே கிடைக்காதவர்களுக்கு இந்தப் படி மிகக் கடினம். அடக்கம் இல்லாததால் ஜெபத்தை எங்கே மாற்றுவது என்று மனம் தெரியாமல் நிற்கும். போதகரோடு அல்லது பாதரோடு பேசி, அந்த இடத்துக்கு அருகில் பாதுகாப்பான ஓரிடத்தில் பெயர் சொல்லி வாசித்து ஓர் ஆராதனை வையுங்கள். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பமும் அதே சரிவில் ஆளை இழந்திருக்கும். அவர்களும் வந்து நிற்கட்டும்.

ஏழாம் படி: ஜெபம் செய்ய முடியாத வேலையை ஜெபத்திடம் கொடுக்காதீர்கள்

பிரஷர், சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவர்கள் துக்கத்திலும் உபவாசத்திலும் அதை நிறுத்தக் கூடாது. சீனி வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் வைத்தியரிடம் கேட்காமல் உபவாசிக்க வேண்டாம். வெறும் வயிற்றோடு மலை ஏறிக் கொழுந்தெடுப்பது யாருக்கும் நல்லதல்ல.

நித்திரை வாரக்கணக்கில் வராவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், செத்துவிடலாம் என்ற நினைவு வந்தால் அதை வீட்டில் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலவசம். எலியாவும் சாகத்தான் கேட்டார். அந்த நினைவு வந்ததால் யாரும் அவரைத் தள்ளிவிடவில்லை.

மழைக்காலத்தில் சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, மரங்களும் கம்பங்களும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று, திடீரெனக் கலங்கி வரும் தண்ணீர், இவற்றைக் கண்டால் காம்பராவுக்குள் முழங்காலில் நிற்காமல் வெளியேறுங்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு, ஜெபித்துக்கொண்டே நடக்கலாம். 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள். "கர்த்தர் காப்பார், நான் வரமாட்டேன்" என்று அடம் பிடிக்கும் தாத்தாவுக்கு, ஆலய உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன பிசாசுக்கு இயேசு கொடுத்த பதிலைச் சொல்லுங்கள்: உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதே.

துக்க வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்களுக்கு

ஜெபம் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. போனவரின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், "இந்தக் குடும்பத்தின் இழப்பு" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். "எல்லாம் நன்மைக்கே" என்ற வார்த்தையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்காரியை எழும்பித் தேத்தண்ணி ஊற்ற வைக்காதீர்கள், நீங்களே ஊற்றி, கிளாஸ்களையும் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த நாள் தண்ணீர் யார் பிடிப்பது, பிள்ளையை யார் பாடசாலைக்கு அனுப்புவது, பேர் விழாத, அதாவது நாட்சம்பளம் இல்லாத நாட்களுக்கு அரிசி இருக்கிறதா என்று கேளுங்கள்.

முதல் வாரம் எல்லாரும் வருவார்கள். முப்பத்தோராம் நாள் பூசைக்கோ ஜெபத்துக்கோ பாதிப் பேர் வருவார்கள். அதற்குப் பிறகு வாசல் வெறிச்சோடிவிடும், துக்கம் உண்மையாகத் தொடங்குவதும் அப்போதுதான். ஆகவே மூன்றாம் மாதத்திலும், போனவரின் பிறந்த நாளிலும், முதல் கிறிஸ்மஸுக்கு முந்திய வாரத்திலும் போகிறவர்களைச் சபையில் இப்போதே பெயர் போட்டுத் தீர்மானித்துவிடுங்கள். போகும்போது ஒரு கிலோ சீனியும் ஒரு கட்டு மெழுகுதிரியும் கொண்டுபோனால் நல்லது.